ஒரே வரைபடம், வேறு வேறு இரும்பு: ஒரு கைத்துப்பாக்கி நாடு மாறிய கதை

திருகோணமலையில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு ஓர் இரும்பு வளையம் ஞாபகம் இருக்கும். சோதனைச்சாவடியில் பஸ்ஸால் இறக்கி, வரிசையாக நடக்கவிடுவார்கள். பெரியவர்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி முன்னே போவார்கள். பின்னால் போகும் பத்து வயதுப் பையனின் கண்ணுக்கு நேரே வருவது சிப்பாயின் தோளில் தொங்கும் துப்பாக்கியின் முனைதான். அந்த முனையில் குறிபார்க்கும் சிறு ஊசி ஒன்று இருக்கும். ஊசியைச் சுற்றி முழு வட்டமாக ஒரு வளையம். விளிம்பில் கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளி தெரியும். வரிசை நகரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஊரில் எல்லோரும் அதை ரி-56 என்றார்கள். அது ஒரு சீனப் பெயர் என்றோ, அந்த ஆயுதத்தின் மூலம் சோவியத் ஒன்றியத்தின் கலாஷ்னிக்கோவ் என்றோ அப்போது தெரியாது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புத்தகத்தில் ரஷ்யத் துப்பாக்கியின் படத்தைப் பார்த்தபோது ஏதோ ஒன்று குறைவது போலிருந்தது. ஊசிக்கு இரு பக்கமும் இரண்டு காதுகள் மட்டும் நிமிர்ந்து நின்றன, மேலே திறந்திருந்தது. வளையம் இல்லை. முழு வட்டமாக மூடியது சீனத் தொழிற்சாலைகள். ஒரே ஆயுதத்தை இரண்டு நாடுகள் செய்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது என்பதை நான் படித்தது அந்த வளையத்தில்தான்.

இப்போது அந்தச் சாவடிகள் பல இல்லை. ஆனால் பத்திரிகையில் ஒரு வரி மட்டும் ஓயாமல் வருகிறது: 'வெளிநாட்டுத் தயாரிப்பு 9 மி.மீ. ரகக் கைத்துப்பாக்கி ஒன்று மீட்பு.' 9 மி.மீ. என்பது ரவையின் விட்டம். அது துப்பாக்கியின் பெயர் அல்ல. 'வெளிநாட்டுத் தயாரிப்பு' என்றால் பட்டறையில் அடித்த கட்டுத்துவக்கு அல்ல என்ற அளவுக்குத்தான் பொருள். எந்த நாடு, எந்த ஆலை, எந்தக் காலம் என்ற மூன்று கேள்விக்கும் அதில் விடை கிடையாது. அந்த மூன்றுக்கும் இடையில் எவ்வளவு பெரிய கதை ஒளிந்திருக்கக்கூடும் என்பதைக் காட்ட, உலகில் மிகப் பல நாடுகளில் செய்யப்பட்ட ஒரு கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறேன். பிரவுனிங் ஹை பவர்.

அமெரிக்கரான ஜோன் மோசஸ் பிரவுனிங் தம் கடைசிக் காலத்தில் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே எர்ஸ்தாலில் இருந்த எஃப்.என். ஆலைக்காக இதன் முதல் வடிவத்தை வரைந்தார். பிரெஞ்சு இராணுவம் கேட்டது அதிக ரவை கொள்ளும் ஒரு கைத்துப்பாக்கி. பிரவுனிங் 1926 நவம்பரில் லியேஜிலேயே இறந்துபோனார். அவருடைய பழைய, புகழ்பெற்ற 1911 கைத்துப்பாக்கியின் காப்புரிமை கோல்ட் நிறுவனத்திடம் இருந்ததால், புதியதில் அந்த உத்திகளை அவராலேயே பயன்படுத்த முடியாதிருந்தது. 1928இல் அந்த உரிமை காலாவதியானதும், எஃப்.என். ஆலையின் வடிவமைப்பாளர் டியுடோன்னே சேவ் நல்லவற்றை எல்லாம் மீண்டும் உள்ளே கொண்டுவந்தார். முடிந்த வடிவத்தை 1935இல் பெல்ஜிய இராணுவம் ஏற்றது. கேட்ட பிரான்ஸ் கடைசியில் வேறொன்றை எடுத்துக்கொண்டது.

இந்தத் துப்பாக்கியின் சிறப்பு அதன் கைப்பிடிக்குள் இருக்கிறது. 1911இல் ரவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றை வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும், ரவைக்கூட்டில் ஏழுதான். இதில் ரவைகள் ஒன்றுக்கொன்று சற்று விலகி, செங்கல் கட்டுமானம் போல இரு வரிசையாக நெருங்கி நிற்கின்றன. பதின்மூன்று. அப்படியிருந்தும் கைப்பிடி பருத்துப்போகவில்லை. அதுதான் சேவின் கைவண்ணம். குறையும் உண்டு. பிரெஞ்சுக்காரர் கேட்டபடி, ரவைக்கூட்டைக் கழற்றினால் விசை வேலை செய்யாதபடி ஒரு பாதுகாப்பு வைத்தார்கள். அந்த ஏற்பாடு விசையின் இழுவையைக் கனமாக்கியது. பின்னால் இருக்கும் சுத்தியலின் வளையம், சுடும்போது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள தோலைக் கடிக்கும். எழுபது, எண்பது ஆண்டுகளாகப் பல நாட்டுச் சிப்பாய்கள் ஒரே குரலில் சொன்ன முறைப்பாடு அது.

1940 மே மாதம் ஜேர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தது. ஆலையும் வரைபடமும் இயந்திரமும் அப்படியே பிடிபட்டன. துப்பாக்கிக்கு ஜேர்மனியர் வைத்த பெயர் 'பிஸ்டோல 640', அடைப்புக்குள் ஒரு 'பி'. பெல்ஜியத்துச் சாமான் என்பதற்கான குறி அது. ஆக்கிரமிப்புக் காலத்தில் எர்ஸ்தாலில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹை பவர்கள் செய்யப்பட்டன. போருக்கு முந்திய எர்ஸ்தால் துப்பாக்கியையும் 1944ஆம் ஆண்டு எர்ஸ்தால் துப்பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே கட்டடத்தில் பிறந்தவை என்று நம்ப மனம் வராது. முந்தியது கண்ணாடிபோல் மெருகு ஏறிய நீலக் கறுப்பு. பிந்தியதில் வெட்டும் இயந்திரத்தின் பல் ஓடிய கோடுகள் அப்படியே கிடக்கின்றன. மெருகிட நேரம் இல்லை, நேரம் இருந்தாலும் எதிரிக்காக மெருகிட யாருக்கு மனம் வரும்? நாடு ஒன்று, ஆலை ஒன்று, வரைபடமும் ஒன்று. மாறியது, வேலை செய்தவனின் தலைக்கு மேலே நின்றவன். 'பெல்ஜியத் தயாரிப்பு' என்ற இரண்டு சொல் இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுகிறது.

இனிக் கதை நம் பக்கம் வருகிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் குண்டு வீசித் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. ஊரில் இந்த நாளைத் தனிச் சம்பவமாகச் சொல்வோம். ஆனால் அது ஒரு பெரிய அலையின் ஒரு நுனி. அதற்கு ஒரு மாதம் முன்பு ரங்கூன் விழுந்திருந்தது. அந்த ஏப்ரல் முடிவதற்குள் லாசியோவும் விழுந்தது. லாசியோவிலிருந்துதான் சீனாவுக்குப் போகும் பர்மாச் சாலை தொடங்குகிறது. அதோடு தரைவழி அடைபட்டது. அதன் பிறகு சீனாவுக்கு ஓர் ஆணி போகவேண்டுமென்றாலும் இந்தியாவில் இறக்கி, இமயமலைக்கு மேலால் விமானத்தில் தூக்கிப் போகவேண்டும். சீனத் துருப்புகள் கைத்துப்பாக்கி கேட்டன. போருக்கு முன்னரே அவர்கள் பெல்ஜிய ஹை பவரை வாங்கிப் பழகியவர்கள். பெல்ஜியம் இப்போது எதிரியின் கையில். கேட்ட இடம் கனடா.

ரொறன்ரோவில் இருக்கும் நம் உறவுகள் சிலர் வீட்டில் இங்கிலிஸ் என்ற பெயரில் சலவை இயந்திரம் ஓடியிருக்கும். அந்த நிறுவனத்தின் விளம்பரப் பலகை கார்டினர் நெடுஞ்சாலையோரம் நெடுங்காலம் நின்றது. அதே ஜோன் இங்கிலிஸ் ஆலைதான். கொதிகலனும் நீராவி இயந்திரமும் செய்த பழைய நிறுவனம் அது. நொடித்துப்போய், 1930களின் இறுதியில் கைமாறி, பிரென் இயந்திரத் துப்பாக்கி செய்யும் ஒப்பந்தத்தோடு மறுபிறவி எடுத்தது. போர்க்காலத்தில் அதன் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் நின்று வேலை செய்தார்கள். கடைசல் இயந்திரத்தை அதற்குமுன் தொட்டே அறியாதவர்கள் அவர்களில் பலர். ஹை பவரை இவர்கள் செய்யவேண்டுமென்றால் வரைபடம் வேண்டும். மூல வரைபடம் எர்ஸ்தாலில், ஜேர்மனியரிடம். சேவும் அவருடைய சகாக்கள் சிலரும் தப்பி இங்கிலாந்துக்குப் போயிருந்தார்கள். அவர்கள் நினைவிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் வரைந்தவை ஒரு பக்கம். சீனர்கள் கொடுத்த ஆறு பெல்ஜியத் துப்பாக்கிகளைப் பிரித்துப் போட்டு அளந்தது மறுபக்கம். இப்படித்தான் கனடாவின் வரைபடம் உருவானது. 1944இன் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்து, 1945இல் முடிந்தது. மொத்தம் 1 இலட்சத்து 51 ஆயிரத்துக்கும் சற்று மேல்.

சீனாவுக்கென்று செய்ததை ஒருதரம் கிட்ட வைத்துப் பார்க்கவேண்டும். நீலப் பளபளப்பு கிடையாது. பொஸ்பேற் பூச்சில் சாம்பல் பூத்த கறுப்பு. மேற்பகுதியின் பக்கத்தில் ஆறு சீன எழுத்துகள்: சீனக் குடியரசின் அரச உடைமை என்பது பொருள். தொடர் இலக்கத்தின் நடுவே சி.எச். என்ற எழுத்துகள். பின்பக்கத்தில், றைபிளில் இருப்பது போல உயர்த்தித் தாழ்த்தும் குறிகாட்டி, அதில் 500 மீட்டர் வரை அளவு வெட்டியிருக்கும். கைப்பிடியின் முதுகில் ஒரு பள்ளம். மரத்தால் செய்த உறையை அந்தப் பள்ளத்தில் மாட்டினால் அதுவே தோளில் அணைக்கும் கட்டையாகிவிடும். 500 மீட்டரில் ஓர் ஆளைக் கைத்துப்பாக்கியால் அடிக்கலாம் என்பது நம்பத் தகுந்ததல்ல. ஆனாலும் அந்த ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு. மரக்கட்டை மாட்டிச் சுடும் மவுசர் கைத்துப்பாக்கி சீனாவில் கால் நூற்றாண்டாகப் பழகிப்போன ஆயுதம். வாங்குகிறவனின் பழக்கம் ரொறன்ரோ ஆலையின் இரும்பில் ஏறியிருக்கிறது.

செய்தார்கள், அனுப்பினார்கள், ஆனால் போய்ச் சேரவில்லை. இந்தியாவில் வந்திறங்கிய பெட்டிகள் இமயத்தைத் தாண்ட விமானத்தில் இடம் கிடைக்காமல் தேங்கின. எரிபொருளும் மருந்தும் குண்டும் முந்திக்கொண்டன. 1944இல் ஒப்பந்தம் இடையில் நிறுத்தப்பட்டு, மறு ஆண்டு திரும்பத் தொடங்கியது. நடுவில் நின்றுபோன துப்பாக்கிகளைக் கனடாவே எடுத்துக்கொண்டது. அதனால் இன்னொரு வகை பிறந்தது: உயர்த்தும் குறிகாட்டி இல்லை, மரக்கட்டைப் பள்ளம் இல்லை, தொடர் இலக்கத்தில் 'ரி' என்ற எழுத்து. கனடா, பிரித்தானியத் துருப்புகள் ஐரோப்பாவில் தூக்கிப்போனது இதைத்தான். அந்தப் போர்க்களத்தில் எதிரே நின்ற ஜேர்மன் அதிகாரியின் இடுப்பிலும் எர்ஸ்தால் ஹை பவர் இருந்திருக்கலாம். ஒரே மனிதர் முடித்த வடிவம், ஒரே போரில், இரண்டு பக்கமும்.

இவ்வளவு நாடும் ஆலையும் தாண்டிய பிறகு, எதை வைத்து 'ஒரே துப்பாக்கி' என்கிறோம்? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது துப்பாக்கிக்காரர் யாரிடமும் அல்ல, என் பெரியப்பாவிடம். வெள்ளைக்காரர் காலத்தில் அவர் கடற்படைத் தளப் பட்டறையில், நாங்கள் சொல்லும் டொக்யாட்டில், பிற்றர் வேலை பார்த்தவர். 1957இல் தளம் கைமாறிய பின் உட்துறைமுகப் பக்கம் சொந்தமாக ஒரு லேத் போட்டு, போட் எஞ்சின் தண்டுகளும் புஷ்களும் கடைந்து கொடுத்தார். அவருடைய லாச்சியில் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி ஓர் உருளை கிடக்கும். விரல் நீளம். ஒரு முனை சற்று நீளம், மறுமுனை குட்டை. 'போகும் – போகாது' கேஜ். நீள முனை துளைக்குள் வழுவழுவென்று போகவேண்டும். குட்டை முனை போகவே கூடாது. அப்படியென்றால் துளை சரி. இரண்டு முனைக்கும் வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். "வரைபடத்தை ஆரும் கீறலாம் தம்பி. இது ரெண்டும் சரியா இருந்தால்தான் இஞ்ச கடைஞ்ச சாமான் அங்க பூரும்" என்பார். எனக்கு அப்போது புரியவில்லை. வேகமாகக் கடைந்து முடித்த ஒரு புஷ்ஷை நான் கொண்டுபோய்க் காட்டியபோது, குட்டை முனை அதற்குள் லேசாகப் போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதைப் பழைய இரும்புப் பெட்டியில் போட்டார்.

ஒரு துப்பாக்கியை இன்னொரு நாட்டில் செய்வதன் முழுக் கஷ்டமும் இதில் அடங்கியிருக்கிறது. வரைபடம் கப்பலில் போய்விடும். அளவுக் கருவிகளும், எந்த அளவில் எவ்வளவு விலகலாம் என்ற ஒப்புதலும் கூடவே போகாவிட்டால் பிறப்பது முகச்சாயல் உள்ள அந்நியன். பெல்ஜியம் மில்லிமீட்டரில் சிந்தித்த ஆலை, கனடா அங்குலத்தில் சிந்தித்த ஆலை. ஒரு மில்லிமீட்டர் அளவை அங்குலத்துக்கு மாற்றும்போது தசமத்தின் கடைசி இலக்கத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்ற முடிவை ஒவ்வொரு பாகத்துக்கும் யாரோ ஒருவர் எடுத்திருக்கவேண்டும். இங்கிலிஸ் ஆலை அந்த வேலையை நேர்மையாகச் செய்தது. கனடாத் துப்பாக்கியின் பல பாகங்கள் பழைய பெல்ஜியத் துப்பாக்கியில் பொருந்தின. கடைசல் அறியாத கைகளை வைத்து, ஆக்கிரமிப்பாளனிடம் அகப்பட்ட வரைபடத்தைத் திரும்ப உயிர்ப்பித்து, இவ்வளவு கிட்ட வந்தது பெரிய சாதனை. அந்தத் துப்பாக்கிகள் 2020களின் தொடக்கம்வரை கனடாப் படையில் சேவையில் இருந்தன.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. அதே எஃப்.என். ஆலையின் இன்னொரு ஆயுதம் ஃபால் றைபிள். பிரித்தானியா அதை அங்குல அளவில் செய்து எஸ்.எல்.ஆர். என்று பெயரிட்டது. நம் நாட்டு இராணுவமும் பொலிஸும் பல காலம் தூக்கிய அதே எஸ்.எல்.ஆர். ஆர்ஜென்டீனா அதை மில்லிமீட்டரில் செய்தது. 1982 ஃபோக்லாந்துப் போரில் இரண்டும் எதிரெதிரே நின்றன. மில்லிமீட்டர் றைபிளின் ரவைக்கூடு பிரித்தானிய றைபிளில் ஏறிவிடும், சற்று ஆடும். பிரித்தானிய ரவைக்கூடு மற்றதில் ஏறாது. பெரியப்பாவின் கேஜைப் போலவே: ஒரு முனை போகும், மறுமுனை போகாது. கைத்துப்பாக்கியில் அந்தச் சிக்கல் இருக்கவில்லை. பிரித்தானியர் இடுப்பில் இருந்தது எர்ஸ்தாலில் செய்த ஹை பவர். ஆர்ஜென்டீனாக்காரர் இடுப்பில் இருந்தது எர்ஸ்தாலில் வாங்கியது, அல்லது 1960களின் இறுதியில் உரிமம் பெற்று ரொசாரியோ நகரின் அரச ஆலையில் செய்தது. சரணடைந்தவர்களிடமிருந்து எடுத்த கைத்துப்பாக்கி, எடுத்தவர்களுக்கு முன்பே பழக்கமான கைத்துப்பாக்கி.

பாக்கு நீரிணைக்கு அப்பால், கொல்கத்தாவுக்கு அருகே இச்சாப்பூர் றைபிள் ஆலை இருக்கிறது. இந்தியா தன் படைக்காக அங்கு 9 மி.மீ. 1ஏ என்ற பெயரில் ஹை பவரைச் செய்தது. அதற்கு முன்மாதிரி பெல்ஜியத்தின் அன்றைய துப்பாக்கி அல்ல, போர்க்காலக் கனடாத் துப்பாக்கி. இது முக்கியமான வேறுபாடு. ஏனென்றால் எர்ஸ்தால் இடையில் சும்மா இருக்கவில்லை. வெற்றுக்கோதைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கியை 1962 அளவில் உள்ளிருந்து வெளிப்புறத்துக்கு மாற்றியது, பிறகு சுத்தியலின் வடிவத்தை மாற்றியது, குறிகாட்டியைப் பெரிதாக்கியது. மூலவீடு வளர்ந்துகொண்டே போக, கிளைவீடு பிரிந்த நாளின் முகத்தை வைத்திருந்தது. ஊரைவிட்டுப் போனவர்களின் பேச்சில் ஊரிலேயே மறைந்துபோன சொற்கள் உயிரோடு இருப்பதை நாம் கேட்டிருக்கிறோம், அதைப் போல.

ஹங்கேரியின் எஃப்.இ.ஜி. ஆலை முதலில் செய்தது எர்ஸ்தால் வடிவத்தை மிக நெருக்கமாகப் பின்பற்றிய பிரதி. பிறகு அதே முகத்தை வெளியே வைத்துக்கொண்டு, உள்ளே விசைப் பொறிமுறையை வேறாக்கிய வகைகளையும் விற்றது. மேலோட்டமாகப் பார்க்கிறவர் இரண்டையும் ஒன்றென்றே சொல்வார். பல்கேரியாவின் ஆர்க்கஸ், வடிவத்தைச் சதுரமாக்கித் தன் வழியில் போனது. துருக்கியிலும் பிரதிகள் உண்டு. இவற்றை நீட்டிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. சந்தைக்காகச் செய்தவை, சந்தை கேட்டபடி மாறியவை.

பெல்ஜியத் துப்பாக்கியைப் பற்றி மட்டும் ஒரு மயக்கத்தைத் தெளிவாக்கவேண்டும். போட் எஞ்சினுக்குச் சாமான் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பார்: "ஒறிஜினலா, டூப்பிளிக்கேற்றா?" ஒறிஜினல் என்றால் யப்பான், அதற்கு மேல் பேச்சில்லை. ஹை பவர் சேகரிப்பவர்களிடையே அந்த இடம் பெல்ஜியத்துக்கு. ஆனால் 1980களிலிருந்து எஃப்.என். துப்பாக்கிகளில் ஒரு வரி தோன்றியது: பெல்ஜியத்தில் செய்யப்பட்டது, போர்த்துக்கலில் பொருத்தப்பட்டது. அதைக் கண்டதும் விலை குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. 1990களில் இன்னொரு மாற்றம். அதுவரை சட்டகத்தை அடித்து வடித்த எஃகிலிருந்து கடைந்தார்கள். அதன் பிறகு உருக்கி வார்த்தார்கள். வார்ப்பு என்றாலே தாழ்ந்தது என்று எந்தப் பட்டறையிலும் சொல்வார்கள். இங்கே நடந்தது மறுதலை. .40 என்ற அதிக வலுவுள்ள ரவைக்காக ஹை பவரை மாற்றியபோது பழைய அடித்த சட்டகம் அதன் அடியைத் தாங்கவில்லை. தாங்குவதற்காகத்தான் வார்ப்புச் சட்டகம் வந்தது, அது உறுதியானது. பின்னர் 9 மி.மீ. துப்பாக்கிகளுக்கும் அதையே போட்டார்கள். பழைய பெல்ஜியத் துப்பாக்கி அழகானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதிகம் தாங்குவது எது என்று கேட்டால், விரல் நீட்டவேண்டியது பின்னதை நோக்கி.

கடைசித் திருப்பம் இன்னும் விசித்திரம். 2017 அளவில் எஃப்.என். ஹை பவர் உற்பத்தியை நிறுத்தியது. 2021இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி நிறுவனம் எஸ்.ஏ.35 என்ற பெயரில் பழைய வடிவத்தைத் திரும்பச் செய்தது. பழைய ஹை பவரின் பல பாகங்கள் அதில் பொருந்தும். மறு ஆண்டே எஃப்.என். தன் சொந்தப் பெயரில் புதிய 'ஹை பவர்' ஒன்றை வெளியிட்டது. அது அமெரிக்காவின் தென் கரோலினாவில் செய்யப்படுவது. பழைய பாகங்கள் அதில் பொருந்தாது. பெயருக்குரிய நிறுவனம் செய்தது பெயரில் மட்டும் ஒன்று. பெயருக்கு உரிமை இல்லாதது இரும்பில் ஒன்று. பெரியப்பா உயிரோடு இருந்தால் எது ஹை பவர் என்று கேஜை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பார். நானும் அந்தப் பக்கம்தான்.

இது ஒரு துப்பாக்கிக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல. 1951இல் சோவியத் படை ஏற்ற மக்காரோவ் கைத்துப்பாக்கியை ரஷ்யாவின் இஷேவ்ஸ்க், கிழக்கு ஜேர்மனியின் சூல், பல்கேரியா, சீனா ஆகிய இடங்களில் செய்தார்கள். சூல் நகரம் பல தலைமுறையாகத் துப்பாக்கி செய்யும் நகரம். மக்காரோவ்களில் மெருகு மிகுந்தது அங்கே பிறந்தது. இஷேவ்ஸ்கின் மெருகு கரடுமுரடாக இருக்கலாம், ஆனால் மக்காரோவின் வடிவமைப்பே கரடுமுரடான மெருகைப் பொறுத்துக்கொள்ளும்படி எளிமையானது. எனவே அங்கே அழகு வேறு, வேலை வேறு. ஹை பவரில் அவ்வளவு தூரம் பிரிக்க முடியாது. அது நுணுக்கமான பொருத்தத்தை நம்பிய துப்பாக்கி.

மறுபடி அந்தப் பத்திரிகை வரிக்கு வருகிறேன். 2005இல் ஐ.நா. பொதுச்சபை சிறு ஆயுதங்களை அடையாளமிட்டுத் தடம் காணும் சர்வதேச ஏற்பாடு ஒன்றை ஏற்றுக்கொண்டது. செய்தவரின் பெயர், நாடு, தொடர் இலக்கம் என்ற மூன்றையும் ஆயுதத்தில் பொறிக்கவேண்டும் என்கிறது அது. பெயருக்குப் பதிலாக வடிவக் குறியும் எண்ணும் சேர்ந்த முறையையும் அனுமதிக்கிறது. சீனாவின் 56ஆம் வகைத் துப்பாக்கிகளில் முக்கோணத்துக்குள் 66 என்ற எண் காணப்படுவது அப்படிப்பட்ட ஆலைக் குறிதான். அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஆயுதம் எங்கே பிறந்தது என்று தெரிந்துவிடும். தொடர் இலக்கமும் சேர்ந்தால், யாருக்கு விற்கப்பட்டது, எந்தக் களஞ்சியத்திலிருந்து காணாமற்போனது என்று கேட்கத் தொடங்கலாம். இவ்வளவு துவக்குகள் புழங்கிய ஒரு மாவட்டத்தில் வாழ்கிற நமக்கு 'வெளிநாட்டுத் தயாரிப்பு' என்று முடிகிற செய்தி போதாது. குறி என்ன, இலக்கம் அழிக்கப்பட்டிருந்ததா இல்லையா என்று எழுதும்படி செய்தியாளர்களைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இலக்கத்தை அரத்தால் தேய்த்தவன் எதையோ மறைக்கிறான், அதையும் எழுதவேண்டும்.

பெரியப்பாவின் கேஜ் இப்போது என் மேசையில் இருக்கிறது. நீள முனை நிறையப் பாவித்து மங்கிவிட்டது. குட்டை முனை இன்னும் புதுசு, அது உள்ளே போன துளைகள் குறைவு. நடுவில் பிடிக்கும் இடத்தில் அளவும், அதன் பக்கத்தில் மூன்று கோடாலான ஒரு சிறு அம்புக்குறியும் வெட்டியிருக்கிறது. பிரித்தானிய அரச உடைமைக்கு இடும் அகன்ற அம்பு அது. டொக்யாட்டில் கழித்துவிட்ட சாமான்களோடு வந்ததாகச் சொல்வார். இங்கிலிஸ் கைத்துப்பாக்கிகளின் படங்களை உருப்பெருக்கிப் பார்த்தபோது அதே அம்பை மறுபடி கண்டேன். அங்கே அதைச் சுற்றி 'சி' என்ற ஆங்கில எழுத்து, கனடாவுக்கு. எழுத்தின் திறந்த பக்கம் வலப்புறம், உள்ளே மேல்நோக்கி நிற்கும் அம்பு.